எண் இல்லாத தாள்கள்

திங்கட்கிழமை மத்தியானம் தொடங்கும். வியாழக்கிழமை காலைச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு நாள் கூட்டினாலும் யாரும் வர மாட்டார்கள். சனிக்கிழமை வீட்டு ஜெபம், ஞாயிறு ஆராதனை, நடுவில் ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்க ஆராதனை. கிராமத்து ஊழியக்காரர் மூன்று ராத்திரி ஊரைவிட்டு வெளியே தங்குவதே பெரிய காரியம். எங்கள் வேதபாட முகாம்கள் எல்லாம் அந்த மூன்று ராத்திரிக்குள் அடங்கியவைதான்.

1980களின் கடைசி வருஷங்கள் அவை. கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று கரிசல் விரிந்து கிடக்கிற சீமை. சித்திரை, வைகாசியில்தான் முகாம் வைப்போம். அப்போதுதான் காடு சும்மா கிடக்கும். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஊழியத்தோடு கொஞ்சம் புஞ்சையும் உண்டு. காணிக்கையை நம்பி அடுப்பெரியாது என்பது அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

பஸ்ஸில் வருவார்கள், பாதிப்பேர் சைக்கிளில் வருவார்கள். துணிப்பையில் ஒரு மாற்றுவேட்டி, துண்டு, மஞ்சள் துணியில் சுற்றிய வேதாகமம். கோயிலை ஒட்டிய ஓலைக்கொட்டகையில் பாய் விரித்து உட்காருவோம். தென்னிந்தியத் திருச்சபையின் உபதேசியார்கள் ஒரு பக்கம், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் பெந்தெகொஸ்தே பாஸ்டர்மார் ஒரு பக்கம். முதல் நாள் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அளவு இடைவெளி இருக்கும். இரண்டாம் நாள் ராத்திரி கருப்பட்டிக் காப்பி குடிக்கும்போது அந்த இடைவெளி எங்கே போனது என்று தெரியாது.

எங்களுக்குத் தலைமை சார்வாள். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே சார்வாள் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே எழுதுகிறேன். நான் அப்போது இறையியல் படித்து முடித்திருந்த இருபத்தாறு வயதுப் பையன். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஆங்கிலப் புத்தகங்களோடு அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

வேதத்தை வாசிக்கிற முறை என்று கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு நீண்ட பெயர்கள் இருந்தன. சார்வாள் கரும்பலகையில் மூன்று வரி எழுதுவார். என்ன இருக்கு? என்ன சொல்லுது? நான் என்ன செய்ய? அவ்வளவுதான். முதல் கேள்வியை விட்டு இரண்டாவதற்குப் போக ஆளை விடமாட்டார். முதல் கேள்வியிலேயே ஒன்றரை நாள் போய்விடும். யார் பேசுகிறார், யாரிடம், எந்த ஊர், எந்த வேளை, எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. பிரசங்கம் பண்ணியே பழகிய வாய்களுக்கு இது பெரிய சோதனை. ஒரு வசனத்தைத் தொட்டதும் பிரசங்கம் பொங்கி வந்துவிடும். "அது அப்புறம் வே. இப்ப அந்த வரியில என்ன இருக்குன்னு மட்டும் சொல்லும்" என்பார் சார்வாள்.

தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேதாகமத்தில் கோடு போடச் சொன்னால் கை நடுங்கும் அவர்களுக்கு. அது பரிசுத்த புஸ்தகம். அதில் பென்சில் படலாமா? முதல் முகாமில் பெரியவர் ஒருவர் சொல்லியே விட்டார்: "கோடு போட்டு வாசிக்கிறதுக்கு இது கணக்கு நோட்டு இல்ல சார்வாள்." சார்வாள் அவரைத் திருத்தவில்லை. அடுத்த முகாமுக்குள் பாடப்பகுதி முழுவதையும் ஸ்டென்சிலில் தட்டி, சைக்ளோஸ்டைல் போட்டுக் கொண்டுவந்தார். தட்டுகிற வேலை எனக்கு. தமிழ் டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத்தாளில் எழுத்து அறுபட அடிக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதி, காயவிட்டு, மேலே அடிக்க வேண்டும். அந்த நெடி தலையைச் சுற்றும். பிறகு உருளையில் மாட்டிச் சுற்றினால் ஈர மையோடு தாள் தாளாக விழும். விரலில் ஒட்டிய மை ஞாயிறு வரைக்கும் போகாது.

அந்தத் தாள்களில் அதிகார எண் கிடையாது. வசன எண் கிடையாது. தலைப்பும் கிடையாது. வரிகளுக்கு நடுவில் இரண்டு விரல் இடம், ஓரத்தில் நாலு விரல் இடம். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் உள்ள பென்சில். ஆட்களின் பெயருக்குச் சிவப்பு, அவர்கள் செய்கிற காரியத்துக்கு நீலம்.

எண்ணை எடுத்துவிட்டதில் பலருக்கு மனத்தாங்கல். வசன எண்ணைச் சொல்லித்தான் அவர்கள் வேதத்தை மனப்பாடம் செய்திருந்தார்கள். எண் போனதும் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி தாளைப் புரட்டினார்கள். அன்றைக்குத்தான் சார்வாள் அதைச் சொன்னார். பவுல் எழுதின நிருபத்தில் எண் இல்லை. அதிகாரங்களைப் பிரித்தவர் ஸ்டீபன் லாங்டன். பாரிஸில் பாடம் நடத்தியவர், பிறகு கேண்டர்பரி பேராயர் ஆனவர். அது பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். புதிய ஏற்பாட்டில் இன்று நாம் சொல்கிற வசன எண்கள் அதற்கும் பிற்பாடு, ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் 1551இல் போட்டவை. கொட்டகையில் சத்தமே இல்லை. பின்வரிசையில் ஒரு பாஸ்டர், "அப்ப இத்தனை காலமா அச்சுக்காரர் வெட்டின இடத்துல நின்னு நின்னு வாசிச்சிருக்கோமே" என்றார். குரலில் கோபம் இல்லை. ஏதோ ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் நம் பழைய மொழிபெயர்ப்பில் "அப்படியிருக்க" என்று தொடங்கும். அதை வைத்துப் பிரசங்கம் பண்ணாத ஊழியக்காரர் இல்லை. எப்படியிருக்க என்று கேட்டவர்தான் குறைவு. "அந்த வார்த்தை ஒரு சாய்ப்பு. முன்வீட்டுச் சுவர் இல்லாம சாய்ப்பு நிக்குமா? பின்னால போய்ச் சுவரைப் பாத்துட்டு வாரும்" என்று சார்வாள் ஆளை அனுப்பிவிடுவார். போனவர் பதினோரு அதிகாரம் வாசித்துவிட்டு மறுநாள் காலையில் கண் சிவந்து வருவார். அரிக்கேன் விளக்கில் வாசித்த கண்.

எண் இல்லாத தாள் செய்த வேலைக்கு ஒரு நாளைச் சொல்கிறேன். யோவான் சுவிசேஷத்தில் ஏழாம் அதிகாரம் முடிந்து எட்டாம் அதிகாரம் தொடங்குகிற இடம். ஏழின் கடைசியில் அவரவர் தம் வீட்டுக்குப் போகிறார்கள். எட்டின் தொடக்கத்தில் இயேசு ஒலிவ மலைக்குப் போகிறார். புத்தகத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய எழுத்தில் ஒரு "8" குறுக்கே படுத்திருக்கும். தாளில் அது இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட நடுவயது பாஸ்டர் ஒருவர் உரக்க வாசித்துக்கொண்டு வந்தவர், அந்த இடத்தைத் தாண்டி நாலு வார்த்தை போய், நின்றுவிட்டார். திரும்ப வந்து வாசித்தார். நீலப் பென்சிலால் "போனார்கள்" என்பதன் கீழே ஒரு கோடு, "போனார்" என்பதன் கீழே ஒரு கோடு.

"எல்லாருக்கும் வீடு இருந்திருக்கு" என்றார்.

அவர் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆறு வருஷத்தில் ஐந்து வாடகை வீடு. ஜெபச் சத்தம் கேட்கிறது என்று காலி பண்ணச் சொல்வார்கள். கடைசியாக ஒரு பருத்திக் கிட்டங்கியின் பின்கட்டில், மூன்று பிள்ளைகளோடு இருந்தார். சார்வாள் வழக்கமாக அங்கே மூன்றாவது கேள்விக்குப் போவார். அன்றைக்குப் போகவில்லை. கரும்பலகைப் பக்கமே திரும்பாமல் சும்மா நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்த பாஸ்டரே மேலே வாசிக்கத் தொடங்கினார்.

மறுநாள் சார்வாள் இன்னொன்றையும் சொன்னார். அந்தப் பகுதி, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையோடு சேர்த்து, மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. இதைச் சொல்ல வேண்டாம், விசுவாசம் கலங்கிப்போகும் என்று முந்தின ராத்திரி நான் அவரிடம் வாதாடினேன். "நாளைக்கு ஒரு படிச்ச பையன் அவர்ட்ட வந்து இதச் சொல்லும்போது அவர் தனியா நிக்கணுமா?" என்று கேட்டார். சொன்னார். யாரும் கலங்கவில்லை. கிட்டங்கி பாஸ்டர் அதை அடிக்குறிப்பாக எழுதிக்கொண்டார். எழுத்து கலங்காமல், வரி கோணாமல்.

வாசிக்கத் திணறியவர்களும் இருந்தார்கள். வெளியே தெரியாது, வசனம் எல்லாம் நெஞ்சுக்குள் இருக்கும், புத்தகம் கையில் விரிந்திருக்கும், பார்ப்பவனுக்கு வாசிக்கிற மாதிரியே இருக்கும். மனப்பாடம் இல்லாத பகுதியைத் தாளில் கொடுத்ததும் ஒரு உபதேசியார் வயிற்றுவலி என்று எழுந்து போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து அவர் ஊருக்கு நான் போயிருந்தபோது உபதேசியாரம்மா கதவோரம் நின்று மெதுவாகச் சொன்னார்கள்: "ராத்திரி நான்தான் வாசிச்சுக் காட்டுவேன் தம்பி. அவுக கேட்டுக் கேட்டுப் பதிய வச்சுக்கிடுவாக. எங்க கல்யாணத்துக்கு முந்தி நான் எட்டு வரைக்கும் படிச்சேன்." அந்த அம்மாவின் ஞாயிறுகளை நினைத்துப் பார்த்தேன். தான் வாசித்துக் கொடுத்த பகுதியைப் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து, முக்காடு போட்டு, கேட்டுக்கொண்டிருந்த ஞாயிறுகள்.

அடுத்த முகாமுக்கு மனைவிமாரையும் கூப்பிடுவது என்று முடிவானது. செலவுக்கு எங்கே போவது என்று ஒரு பேச்சு வந்தது. சார்வாள் அசரியா அத்தியட்சரை எடுத்து முன்னால் வைத்தார். இதே சீமைக்காரர், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சராகி, தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லில் கிராம உபதேசிகளைப் பயிற்றுவித்தபோது மனைவிமாரையும் சேர்த்தே பயிற்றுவித்தார். "எழுபது வருஷத்துக்கு முந்தி நம்ம ஊர்ப் பிள்ளை செஞ்சதுக்கு நாம இப்பக் கமிட்டி போடுதோம்" என்றார் சார்வாள். பேச்சு முடிந்தது. அந்த முகாமில் உபதேசியாரம்மா தாளை எடுத்து வாசித்ததை நான் கேட்டேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேட்கிற குரலைக் கேள்வியாக்கி வாசித்தார்கள். உபதேசியார் தலை குனிந்திருந்தார். அது வெட்கம் என்று அப்போது நினைத்தேன். தினம் ராத்திரி அவர் கேட்கிற விதமே அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

பாளையங்கோட்டைக்கு 1820இல் வந்த மிஷனரி ரேனியுஸ் ஐயர் காலத்திலிருந்தே இந்தச் சீமையில் உபதேசிகளைக் கூட்டி உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கிற வேலை நடக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. கல்லூரிக்கு வர முடியாதவனிடம் கல்லூரி போக வேண்டும் என்று 1963இல் கவுதமாலா நாட்டில் தொடங்கி உலகமெல்லாம் பரவிய முயற்சியைப் பற்றியும் நான் படித்திருந்தேன். அங்கேயும் காரணம் இதேதான்: புஞ்சையையும் சபையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு மூன்று வருஷம் வந்து படிக்க நாட்டுப்புறத்துப் போதகனால் ஆகாது.

எங்களிடம் இருந்த வேதாகமம் பவர் ஐயர் குழுவினர் முடித்த 1871ஆம் வருஷத்துத் தமிழ். அவருக்குப் பக்கத்துணையாக இருந்தவர் முத்தையா பிள்ளை. அந்தத் தமிழின் வடமொழிச் சொற்கள் ஆட்களைத் தடுக்கி விழவைக்கும். பிரதான ஆசாரியன் என்று வாசித்தால், ஏர் செதுக்குகிற ஆசாரியை அறிந்த ஊரில் பிள்ளைகள் உளியும் வாய்ச்சியும் வைத்திருக்கிற ஒருவரைத்தான் நினைத்துக்கொள்ளும். இயேசுவோ தச்சன் என்று வேறு சொல்லியிருக்கிறது. ஒரு பெரியவரே அப்படி விளங்கிக்கொண்டு, இரண்டு ஆசாரிகளுக்குள் ஏன் இந்தப் பகை என்று வருஷக்கணக்கில் மனதுக்குள் வைத்திருந்தார். முதல் கேள்வி அவரைப் பேசவைத்தது.

ஆனால் அதே புத்தகம் வீட்டுக்குள்ளும் களத்துமேட்டிலும் நுழைந்து எடுத்த சொற்கள் எத்தனை! விளக்கை மூடுகிற மரக்கால். கழுத்தில் கட்டுகிற ஏந்திரக்கல். யோவான்ஸ்நானன் சொல்லுகிற தூற்றுக்கூடை. சகேயு ஏறின காட்டத்தி. இந்தச் சொற்கள் வந்தபோது முறையும் வேண்டியிருக்கவில்லை, சார்வாளும் வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று அளந்த கைகள் அவை. மரக்காலைக் கவிழ்த்தால் உள்ளே எவ்வளவு இருட்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

எனக்குத்தான் தெரியவில்லை. விதைக்கிறவன் உவமையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். மாற்கு நான்காம் அதிகாரம். நான் நன்றாகத் தயாரித்திருந்தேன். பாதையிலும் பாறையிலும் முள்ளிலும் விதையைப் போடுகிறானே, இப்படி வீணாக்குவானா ஒரு விவசாயி, கணக்குப் பார்க்காமல் வாரி இறைக்கிற தேவனின் தாராளம் இது என்று கொண்டுபோனேன். கேட்க அழகாக இருந்தது. புதூர்ப் பக்கத்துப் பெரிய உபதேசியார் கையைத் தூக்கினார். எழுபதுக்கு மேல் வயது. ஒரு காது கேட்காது. மூன்று நாளும் வாய் திறக்காதவர்.

"தம்பி, கோவிச்சுக்கிடாதீக. அவன் வீணாக்கல."

கொட்டகை திரும்பியது.

"போன வெள்ளாமைய எடுத்த பெறகு காடு சும்மாதான கெடக்கும். ஆளும் மாடும் குறுக்க நடந்து தடம் விழுந்திரும். புழுதி விதைப்புல மொதல்ல விதையத் தூவிட்டுத்தான் ஏரைப் பூட்டுவோம். தடத்தையும் சேத்துத்தான் உழுவோம், அதுவும் நம்ம காடுதான. ஏரு அந்தப் பக்கம் வந்து சேர்றதுக்குள்ள காக்கா குருவி இறங்கிருச்சு. அதான் நடந்துருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "சுக்காம்பாறையும் மேல தெரியாதுல்ல. மொளச்சு வாடினாத்தான் கீழ பாறை கெடக்குன்னு தெரியும். முள்ளும் அப்படித்தான், வேரு உள்ள கெடக்கும். அவன் எல்லாம் நல்ல நிலமுன்னு நம்பித்தான் போட்டான்."

எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் மடித்து விதைப்பெட்டியாக்கிக்கொண்டு, கொட்டகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தார். கை துண்டுக்குள் போகும், வெளியே வரும், தோளுக்கு நேரே வளைந்து விரியும். வலது காலை வைக்கும்போதுதான் கை விரியும். அந்தத் தள்ளாத உடம்பு அப்போது தள்ளாடவில்லை. ஒவ்வொரு வீச்சிலும் ஆள்காட்டி விரல் கடைசியாகத் திறந்தது. பாயில் இருந்தவர்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள், தங்கள் மேல் விதை விழுந்துவிடும் போல.

யோவாகிம் எரேமியாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், உவமைகளைப் பற்றி 1947இல் வெளியிட்ட நூலில் இதையேதான் எழுதியிருக்கிறார்: பாலஸ்தீனத்தில் விதைத்த பிறகு உழுவார்கள், அதனால்தான் பாதையிலும் விதை விழுகிறது என்று. சிறுவயதில் எருசலேமில் வளர்ந்தவர் அவர். எல்லா அறிஞரும் அவரோடு ஒத்துப்போவதில்லை. அந்த ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடினேன். புத்தகம் என்னிடமே இருந்தது, நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டியிருந்தேன். காலையில் பெரிய உபதேசியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவுக ஊர்லயும் கரிசக்காடு உண்டுமோ?" என்று கேட்டார்.

சார்வாள் போய்விட்டார். பெரிய உபதேசியார் அதற்கு முந்தியே. கிட்டங்கி பாஸ்டருக்குக் கடைசிவரை சொந்த வீடு அமையவில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். சார்வாள் மகள் கூப்பிட்டு ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே தாள்கள், பழுப்பேறி, மை ஓரங்களில் எண்ணெய்க்கறை மாதிரி பரவி. பென்சிலில் சிவப்பு முனை தீர்ந்து நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது. பெரிய உபதேசியாரின் விதைக்கிறவன் தாளும் இருந்தது. அதில் அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை.

போன வைகாசியில் அதே பக்கம் ஒரு முகாமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கொட்டகை இருந்த இடத்தில் கான்கிரீட் மண்டபம். வந்தவர்கள் எல்லாம் படித்தவர்கள், கூர்மையானவர்கள், அவர்கள் வயதில் நான் கேட்டதைவிட நல்ல கேள்விகள் கேட்டார்கள். அவர்கள் கைப்பேசியில் ஆறு மொழிபெயர்ப்பு இருந்தது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வரும் வழியில் பார்த்த காடெல்லாம் வருகிற பருவத்து மக்காச்சோளத்துக்குக் காத்திருந்தது. கம்பும் குதிரைவாலியும் அங்கங்கே ஒரு துண்டு உண்டாம். உழவும் விதைப்பும் டிராக்டர்தான். மாடு நடந்த தடத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

மரக்கால் என்றால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். சொன்னேன். மத்தியானத்துக்குப் பிறகு மாற்கு நான்கு வந்தது. எண் இல்லாத தாள்தான் கொடுத்திருந்தேன், பிரதி எடுத்து. முன்வரிசையில் இருந்த இளம் போதகர், விவசாயி மகன்தான், தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "ஐயா, பாதையில போய் எதுக்கு விதையப் போடுறான்?"

புழுதி விதைப்பைப் பற்றிச் சொன்னேன். பெரிய உபதேசியார் சொன்ன வரிசையிலேயே தடம், ஏர், குருவி, சுக்காம்பாறை என்று சொன்னேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அந்தத் தம்பி மட்டும் எழுதவில்லை. "எப்படித் தூவுவாங்க ஐயா? ஒருக்கா செஞ்சு காட்டுங்க" என்றார்.

தோளில் துண்டு இல்லை. கைக்குட்டையை விரித்து இடது கையில் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வலது காலை எடுத்துவைத்தேன். கை முந்திவிட்டது. நின்று, திரும்ப வைத்தேன். இந்தத் தடவை கால் முந்தியது. எந்த விரல் கடைசியாகத் திறக்க வேண்டும் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மண்டபத்தின் அந்தக் கோடிவரை நடந்தேன். அவர்கள் காலை மடக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.